வெறும் வயிற்றோடு ஹேம்குண்டுக்கு

விரதம் என்று வந்துவிட்டால் அம்பலவாணனை வெல்ல லண்டனில் ஆளில்லை. கந்தசஷ்டி முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். அதோடு சவுத்தோலில் ஒரு பேக்கரியில் முழு ஷிப்டும் செய்வார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் யாராவது பாலும் பழமும் எடுத்ததாகச் சொன்னால் இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதைக் கண்டால் எவருக்கும் எரிச்சல் வரும். இது பக்தியில்லை, வீம்பு என்று மனைவி தவநாயகி நெடுகச் சொல்லுவா.

பேக்கரி வேலையை எடுத்துக் கொடுத்தவர் கர்த்தார் சிங். எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, குளிருக்கு ஒரு கோட்டும் இல்லாமல் நின்ற அம்பலவாணனைத் தன் வீட்டு மேலறையில் இருத்தியவரும் அவர்தான். சீக்கியர் அண்ணனைப் பாஜி என்பார்கள். இவரும் பாஜி என்றே கூப்பிட்டார். இவருடைய நீண்ட பெயர் வாயில் நுழையாததால் பாஜி அதை 'அம்பா' என்று வெட்டிவிட்டார்.

இமயமலையில் மேகத்துக்கு மேலே ஹேம்குண்ட் என்றொரு ஏரி. கரையில், குருவின் வீடு என்று சீக்கியர் சொல்லும் கோயில். மலையேறிப் போய் அந்த உறைகிற தண்ணீரில் ஒருமுறை முழுகவேண்டும் என்பது பாஜியின் இளவயது ஆசை. தொண்ணூற்றாறில் பாஜியின் மச்சான் பல்பீர் ஆட்களைச் சேர்த்துப் பயணம் ஒழுங்கு செய்தான். அந்த நேரம் பார்த்துப் பாஜியின் சிறுநீரகங்கள் கைவிட்டன. இனி இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினோடுதான் வாழ்க்கை, மலையை மறந்துவிடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன அம்பலவாணன் அந்த முகத்தைக் கண்டார். உங்களுக்குப் பதிலாக நான் போகிறேன், உங்கள் பெயரில் நான் முழுகுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பாஜி கண் கலங்கி, மலையில் முழுகித் துவட்டவென்று வாங்கி வைத்திருந்த புதுத் துவாயை எடுத்துக் கொடுத்தார்.

போகிற இடம் கோயில் என்றால் விரதமில்லாமல் எப்படி? பெட்டி அடுக்கும்போதே தவநாயகி மறித்தா.

"அவையின்ரை கோயிலிலை சாப்பாடு போட்டுத்தான் ஆளையே வரவேற்கினம். அங்கை போயும் ஏன் வயித்தைக் காயப்போடப் போறியள்?"

"ஆற்றை கோயில் எண்டாலும் கோயில்தான்" என்றார் இவர்.

ரிஷிகேசத்தில் ஒருநேரச் சாப்பாடு. ஜீப்பை விட்டு நடக்கத் தொடங்கிய இடத்தில் வெறும் பால். மலையேறுமுன் தங்கிய கங்காரியாவில் தண்ணீர் மட்டும். மற்றவர்கள் விடியவே சூடான பராத்தாவை உருட்டி அடித்துவிட்டு ஏறினார்கள். கோவேறு கழுதை பிடிக்கலாம் என்று பல்பீர் சொன்னதற்கும் இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

மழை பிசுபிசுத்தது. பாதையெல்லாம் கழுதைச் சாணி. ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம்தான் என்று யாராவது சொன்னார்கள், அந்தக் கொஞ்சம் முடிகிற வழியாக இல்லை. தடி ஊன்றிய கிழவிகள் எல்லாம் வாஹே குரு சொல்லிக்கொண்டு இவரைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி நின்று கடலையும் வெல்லமும் நீட்டினாள். இவர் கும்பிட்டு மறுத்தார். அதற்கு மேலே கால் கிளப்ப ஏலவில்லை. வயிற்றில் இருந்த தண்ணீரும் வெளியே வந்தது. தேத்தண்ணிக் கடைக்காரன் ஓடிவந்து பிடித்துக் கடை வாங்குப் பலகையில் கிடத்தினான்.

துவாயைத் தா, நான் முழுகிவிட்டு வருகிறேன் என்று பல்பீர் கேட்டான். இவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்றார். அந்த வீம்புக்கு என்ன பெயர் வைப்பது?

மேலே இரவில் யாரும் தங்கக்கூடாது என்பதால் மத்தியானத்துக்குப் பிறகு ஏற விடமாட்டார்கள். இவர் எழும்பி நின்றபோது பாதையில் நின்ற தொண்டர்கள் இவருடைய நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார்கள், கீழே கையைக் காட்டினார்கள். கெஞ்சினார். சண்டை பிடித்தார். அழுதும் பார்த்தார். கடைசியில், வேண்டாம் என்ற அதே கோவேறு கழுதையில் ஏற்றித்தான் இறக்கினார்கள். மற்றவர்கள் தலை ஈரம் காயாமல் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இன்னொரு நாள் நிற்கலாமா என்று கேட்டார். மழையில் மலை சரிந்தால் கீழே போகும் ரோட்டே இராது, ஒருவருக்காக எல்லாரையும் மறிக்க முடியாது என்றான் பல்பீர். விடிய எல்லாரும் இறங்கிவிட்டார்கள். திரும்பும் விமானத்தில் வைத்ததையெல்லாம் அம்பலவாணன் ஆத்திரத்தோடு சாப்பிட்டார். ஒவ்வொரு வாயும் தன்னைத் தானே திட்டுகிற மாதிரி இருந்தது.

சவுத்தோல் வீட்டில் பாஜி சாய்வு நாற்காலியில் காத்திருந்தார். அன்றுதான் ஆஸ்பத்திரி மெஷினில் இருந்துவிட்டு வந்திருந்தார், ஊசி ஏற்றிய கையில் கட்டு. அம்பலவாணன் துவாயை மடியில் வைத்தார். கொடுத்தபோது இருந்த மடிப்புக் கலையவில்லை. பாஜி தடவிப் பார்த்தார், ஈரமில்லை. இவர் தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னார், விரதத்தை மட்டும் கடைசியில் சொன்னார்.

பாஜி துவாயின் மடிப்பை விரலால் நீவினார். பிறகு கேட்டார்.

"என் வீட்டில் ஒருநாளாவது உன்னைப் பசியோடு இருக்கவிட்டேனா, அம்பா? என் குருவின் வீட்டுக்கு ஏன் பசியோடு போனாய்?"

பாஜியின் மனைவி ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து வைத்தா. பாஜி துவாயை எடுத்து இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் சாப்பிட்டுவிட்டுப் போ. வந்து எனக்குச் சொல்."

அடுத்த வருஷம் அதைக் கேட்கப் பாஜி இருப்பார் என்று இருவருமே நம்பவில்லை. அம்பலவாணன் துவாயை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தார்.