அக்கா நீட்டுன மிச்சச் சுருட்டு

அடியே, வருசம் திரும்பப் போகுது, அப்பத்தா படத்துக்கு மாலை வாங்குனமா, கும்புட்டமான்னு இல்லாம, "சின்ன அப்பத்தா, அன்னைக்கு அந்தச் சுருட்டைக் குடிச்சிட்டு என்னதான் சொல்லுச்சு?"ன்னு நச்சரிக்கிறியே, வெக்கமா இல்ல? நெனவு மலர்ல போடுற சங்கதியாடி இது? சரி, பேனாவை எடு. நான் மூணாப்பு தாண்டாதவ. சொல்றதை அப்படியே எழுது. அழகுபடுத்துனே, பல்லை ஒடைச்சிருவேன்.

ஒங்க அப்பத்தா, எங்க அக்கா, பொறந்தது சேவுகம்பட்டி. வெங்காயக் காட்டுல களை புடுங்கியே வளந்துச்சு. திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்துச்சு. மாமா சீக்கிரம் போயிட்டாரு. ஒத்தை மகனை, அதான் ஒங்கப்பனை, வச்சுக்கிட்டு சுருட்டுச் சுத்தப் போச்சு. அழுதுக்கிட்டே வளத்துச்சுன்னு எழுதாத. சிரிச்சுக்கிட்டே சுத்தும், சுத்திக்கிட்டே ரெண்டு இழுப்பு இழுக்கும். அம்புட்டுதான்.

எச்சில் விசயத்துல மட்டும் கறார். பெத்த மகன் குடிச்ச டம்ளரைத் தொடாது. ஆனா ஒரு சுருட்டைப் பாதி இழுத்துட்டு மிச்சத்தை எங்கிட்ட நீட்டும். வேற யாருக்கும் கெடையாது. அது தங்கச்சி பங்கு.

நீ சேவியரைத்தான் கட்டுவேன்னு நின்னியே, அப்ப ஒங்கப்பன் ஒன்னையக் கீரனூருக்கு ஒங்க அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிட்டான். "வேதக்கார வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். எங்கம்மா சரின்னா சரி"ன்னான். அம்மா எங்க சரிங்கப் போகுதுன்னு தைரியம்.

சேவியர் கப்பல்ல சமையல் வேலைதான? பொண்ணு கேட்டு வீட்டுக்கு வரும்போது அக்காவுக்கு ஒரு பாரின் சுருட்டைக் கொண்டாந்தான். அக்கா அதைக் காதுகிட்ட வச்சு அமுக்குச்சு. சருகுச் சத்தம் வரல, பதமான சரக்கு. மோந்துச்சு. பத்தவைக்காம ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துச்சு. அப்புறம் நெருப்பை ஒட்டவிடாம தள்ளிப் புடிச்சு, உருட்டி உருட்டிப் பத்தவச்சுச்சு.

"அப்பத்தா, பொகைய முழுங்காதீங்க. வாயில வச்சிருந்து விடுங்க"ன்னான் சேவியர்.

"ஏலே, ஒங்கப்பன் பால்குடி மறக்குறதுக்கு முன்னாடியே நான் பொகை விட்டவ. நீ குடிப்பியா?"

"பழக்கமில்ல, அப்பத்தா."

அக்கா கண்ணை மூடிக்கிருச்சு. சாம்பல் ஒரு விரக்கடை நின்னுச்சு, உதிரல. "ம். மொதல்ல வறுத்த கடலைத் தோலு. இப்பக் கருப்பட்டிக் காப்பி. காட்டம் நடுவாந்தரம். நம்ம சுருட்டு தொண்டையில அறையும், இது முதுகுல தட்டிக்குடுக்குது. நல்ல சரக்குதான் அப்பு, ஆனா தூக்கம் வருது."

"சுருட்டு கெடக்கட்டும்மா. பொண்ணு விசயத்துக்கு என்ன சொல்ற?"ன்னான் ஒங்கப்பன்.

அக்கா பாதிச் சுருட்டை வாயிலருந்து எடுத்துச்சு. நான் வழக்கம்போல கையை நீட்டுனேன். சுருட்டு என் கையைத் தாண்டிப் போகுதுடி!

"இந்தா அப்பு. மிச்சத்தை நீ இழு."

ஒங்கப்பன் மொகம் வேப்பெண்ணெ குடிச்ச மாதிரி ஆயிருச்சு. சேவியர் சுருட்டைப் பாத்தான். நுனியில அக்காவோட வெத்தலைச் செவப்பு. தொடைக்கல. அப்படியே வாயில வச்சு ஒரு இழுப்பு. அடேயப்பா, அந்த இருமலுக்குக் கோழியெல்லாம் கூரை ஏறிருச்சு.

அக்கா சிரிச்சு ஓஞ்சு, ஒங்கப்பன் பக்கம் திரும்புச்சு. "என் எச்சிலைத் தொடைக்காம வாயில வச்சான்டா. இனி அவன் வேத்தாளுன்னு எவனும் பேசக்கூடாது. போய் நாள் பாரு."

"அக்கா, என் பங்கு?"ன்னேன்.

"போடி, ஒனக்கு வேற சுருட்டா இல்ல!"

சீக்குல பாயில விழுந்த பிறகு அக்காவுக்குக் கஞ்சி ஊட்டுனது சேவியருதான். ஒரே டம்ளர்ல அவன் ஒரு வாய் குடிச்சுச் சூடு பாத்துக் குடுப்பான், அக்கா முகஞ்சுளிக்காமக் குடிக்கும். அவனுக்கும், வீடு தேடி வந்த டாக்டரய்யாவுக்கும், ரசம் வச்சுக் கொண்டாந்த தெருப் பொம்பளைகளுக்கும் கையெடுத்துக் கும்புடுறேன். இதை மட்டும் கொட்டை எழுத்துல போடு.

பதினாறாம் நாள் படையல்ல சேவியர் அதே மாதிரி பாரின் சுருட்டு ஒண்ணைப் பத்தவச்சு, ஒரு தரம் இருமிட்டு, இலை ஓரமா வச்சான். கும்புட்டு முடிச்சு எல்லாரும் சாப்புடப் போனாங்க. நான் மட்டும் செத்த நேரம் அக்கா படத்துக்கிட்ட இருந்தேன். அப்புறம் தெருப் பொம்பளைக வந்து, "என்னக்கா, இலையில சுருட்டைக் காணோம், ஒங்க மேல பொகை வாடை அடிக்குது?"ன்னாளுக.

"அக்கா வந்துச்சுடி. பாதிய இழுத்துட்டு, என் பங்கை எனக்கு வச்சுட்டுப் போயிருச்சு"ன்னேன்.