அளவு நாடாவோடு வந்தவர்கள்

ஒலிம்பியோவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பிடிக்காது. எரிமலைக் குழிக்குள்ளே இருக்கிற ஷா கிராமத்திலிருந்து, கீழே கடலோரத்துச் சாவ் ஃபிலிப் ஊருக்குத் தினமும் வேன் ஓட்டுகிறவன் அவன். விடியுமுன் இறங்கி மதியம் திரும்பும்போது, ஊரார் சொல்லியனுப்பிய சாமான் அத்தனையும் வண்டியில் இருக்கும். ஒருத்திக்கு ரத்த அழுத்த மாத்திரை, ஒருவனுக்குக் கதவுக் கீல், பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ். எல்லாம் மண்டைக்குள்தான்.

“எழுதினா யாராவது படிப்பான்” என்பான்.

“கதவுக் கீலைப் பத்திப் படிச்சு என்னய்யா பண்ணப்போறான்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் பயப்படறேன்?”

கீழே காத்திருக்கும் நேரத்தில் ஒன்றுவிட்ட தம்பியின் செல்போன் கடையில் உட்கார்ந்து சண்டைப்படம் பார்ப்பான். கதாநாயகனை அவன் மதிப்பதே இல்லை. “குண்டு வெடிச்சப்புறம் ஓடி என்ன பிரயோஜனம்? அதுக்கு முன்னாடியே ஒருத்தன் வந்து இடம் பாத்துட்டுப் போறான் பாரு, சிரிச்சுக்கிட்டே. அவனைப் பிடிக்கணும்.”

ஒரு ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சாவ் ஃபிலிப் சந்தை வாசலில் இரண்டு வெளியூர்க்காரர்கள் அவனுடைய வேனை நாள் முழுக்க வாடகைக்குப் பேசினார்கள். இனேஸ் என்று ஒரு பெண், லிஸ்பன் பக்கத்துப் பேச்சு. கூட ஒரு மொட்டைத்தலை. அவன் இடுப்பில் அளவு நாடா தொங்கியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

கறுப்பு எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்த வளைவுகளில் வண்டி ஏறும்போது இனேஸ் கேட்டாள்: “மேல போக இந்த ஒரு ரோடுதானா?”

“ஒண்ணுதான்.”

“பாறை விழுந்து அடைச்சுக்கிட்டா?”

“அடைச்சதுதான்.”

அவள் அதை எழுதிக்கொண்டாள். மொட்டைத்தலை முன்னால் குனிந்து, “ஆள் இல்லாத வீடு ஏதாவது இருக்கா? இடிஞ்சாலும் பரவால்ல” என்றான். ஒலிம்பியோ கண்ணாடியில் அவனையே பார்த்தான்.

அவன் பயத்துக்குக் காரணம் சினிமா மட்டுமில்லை. மலை கடைசியாக வெடித்தபோது அவன் வீடு கூரைவரை புதைந்துபோனது. கல் சூடு ஆறுவதற்குள் நாடாவும் நோட்டுமாகச் சிலர் வந்தார்கள். நல்லா இருக்கீங்களா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டு அளந்துகொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு அரசாங்கக் காகிதம் வந்தது: இனி இங்கே யாரும் வீடு கட்டக்கூடாது. அவனும் மனைவி ஸுல்மிராவும் காதில் வாங்கவில்லை. உறைந்த குழம்பின் மேலேயே கட்டினார்கள். முதல் வருஷம் படுத்தால் தரை முதுகைச் சுட்டது.

விருந்தினர்களை மேலே கிராமத்தில் எர்மெலிண்டாவின் விடுதியில் இறக்கிவிட்டான். அவள் சோளமும் பயறும் பன்றிக்கறியும் கொதித்த கச்சுபாவைக் கிண்ணம் கிண்ணமாக வைத்தாள். அவர்கள் சாப்பிடும்போது ஒலிம்பியோ அடுப்படிக்குள் நுழைந்தான்.

“அந்த மொட்டைத்தலை உன் சுவத்தைத் தட்டிப் பாத்தானா இல்லையா?”

“தட்டினான். சுவரு அழுதுச்சா?”

“வாசலை அளந்தானே!”

“அளக்கட்டும். என் வாசலைப் பாத்து நீ ஏன் வேர்க்கறே?”

“எர்மெலிண்டா, இவங்க சுத்திப்பாக்க வந்தவங்க இல்ல. ஒருத்தராவது மலை உச்சியை ஏறெடுத்துப் பாத்தாங்களா?”

“உனக்கு மூளைக்குள்ளேயும் குழம்பு ஓடுது. நகரு, தட்டு கழுவணும்.”

வெளியே வந்தவன் காதில் மொட்டைத்தலை போனில் பேசியது விழுந்தது: “முப்பது பேர். ரெண்டு வெடி போதும். ஊர்க்காரங்களை மட்டும் அந்தப் பக்கம் ஒதுக்கிட்டா வேலை சுலபம்.”

 தான் ஒருவன்தான் இதைத் தடுக்க முடியும் என்று ஒலிம்பியோ அங்கேயே முடிவு கட்டினான். பிற்பகலில் அவர்களைக் குழியின் கோடிக்குக் கூட்டிப்போய், மெல்லப் பேச்சை எடுத்தான்.

“இங்க பாத்து நடங்க. அடியில வெறும் பொந்து. போன மாசம் ஒரு மாடு உள்ள போயிடுச்சு.”

“மாடா?”

“முழு மாடு. கொம்பு மட்டும் கெடச்சுது. ஆகஸ்ட்ல மழை வந்தா ரோடே இருக்காது, மூணு வாரம் யாரும் இறங்க முடியாது. சில நாள் புகை வரும். மூச்சு விட்டா மயக்கம்.”

பொந்து உண்டு, மழை உண்டு, புகையும் உண்டு. மாடு மட்டும் அவன் சொந்தக் கைவேலை. இனேஸ் மொட்டைத்தலையைப் பார்த்தாள், நோட்டை மூடினாள். திரும்பும் வழியில் யாரும் சிரிக்கவில்லை. ஒலிம்பியோ அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டான்.

இரண்டு மாதம் கழித்து, ஆள் நிறைந்த வேனை எர்மெலிண்டா மறித்தாள். கையில் செல்போன், அதில் இனேஸ் அனுப்பிய செய்தி.

“எல்லாரும் கேளுங்க. ‘சண்டைப்படம் எடுக்க இடம் பார்க்க வந்தோம். முப்பது பேர் ஆறு வாரம் உங்கள் விடுதியில் தங்குவதாக இருந்தோம். நிலம் ஆபத்தானது என்று உங்கள் ஓட்டுநர் அன்போடு எச்சரித்ததால் வேறு நாட்டுக்குப் போகிறோம். அந்த மாட்டுக்காக வருந்துகிறோம்.’”

அவள் போனை இறக்கினாள்.

“எந்த மாடுடா அது?”

ஒலிம்பியோ ஸ்டியரிங்கைத் துடைத்தான். பிறகு, “யாரு நடிக்கிறாங்கன்னு போட்டிருக்கா?” என்றான்.

எர்மெலிண்டாவின் கைத்துண்டு அவன் முகத்தில் வந்து விழுந்தது.

ஒரு மாதம் எர்மெலிண்டா அவனிடம் எதுவும் சொல்லியனுப்பவில்லை. ஸுல்மிராவும் வீட்டில் அளந்துதான் பேசினாள். கடைசியில் அவனே விடுதி வாசலில் போய் நின்றான்.

“புதைஞ்ச வீட்டு முன்னாடி நின்னு அளந்தவனை நான் பாத்திருக்கேன். அவனும் சிரிச்சான். அதான்.”

“என் வீடும் அதே கல்லுக்கடியிலதான் இருக்கு, ஒலிம்பியோ. அதுக்காக வர்றவனையெல்லாம் நான் விரட்டினேனா?”

 பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டே, “பன்னெண்டு மீட்டர் திரைச்சீலைத் துணி. நீலம். அந்த இன்னொரு வண்டிக்காரன் சேப்பு வாங்கிட்டு வந்தான்” என்றாள்.

பன்னிரண்டு மீட்டர் எதற்கு, யார் வரப்போகிறார்கள் என்று அவனுக்குத் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் மலையேற வந்த ஆறு கல்லூரிப் பிள்ளைகளை அவனே ஏற்றிப்போனான். ஒரு பெண் ஜன்னல் வழியே கறுப்பு நிலத்தைப் பார்த்து, “அண்ணே, இங்க நடக்கலாமா? ஆபத்தில்லையே?” என்று கேட்டாள்.

ஒலிம்பியோ கண்ணாடியில் ஆறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரிடமும் நாடா இல்லை.

“பாதையை விட்டு விலகாம நடங்கம்மா. ஒண்ணும் ஆகாது.”