உப்புத் தண்ணீர் என் முதலாளி

காயில்காரருக்கு உலகத்தில் பிடித்தவை இரண்டே இரண்டு: பெற்ற மகளும் உப்புத் தண்ணீரும். மற்ற எல்லாவற்றின் மேலும் எரிச்சல்தான்.

அந்தத் தண்ணீரை ஊரே கரித்துக் கொட்டும். சோப்பு நுரைக்காது, துணி வெளுக்காது, தலை வாரினால் முடி கொத்தாகக் கையோடு வரும். ஆனால் அதே தண்ணீர்தான் கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் சுண்ணாம்பாகப் படிந்து, வருஷம் தவறாமல் அதைத் தின்று தீர்க்கும். தீர்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டுவது இவர். இருபத்தேழு வருஷமாக வீட்டில் அடுப்பு எரிந்ததும் மகள் படித்ததும் அந்தச் சுண்ணாம்பால்தான். "தண்ணியைத் திட்டாதீங்க. அது என் முதலாளி" என்பார், கூப்பிட்டவர்கள் முகத்துக்கு நேராகவே.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை, தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை பார்த்தான். மகள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அறுபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடியில், ஒவ்வொரு குளியலறையும் இவருக்கு அத்துப்படியான இடத்தில், அவனே போய் மெஷினை மாட்டியபோதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க வயித்துல அடிக்கணும்னு இல்ல, மாமா. கம்பெனி அனுப்புற இடத்துக்குத்தானே போறேன்."

"அடிச்சிட்டு விளக்கம் வேறயா, மாப்பிள்ளை? நல்லா இருங்க."

அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுக் குழாய் உண்டு. மெஷின் பழுதானால் அதிலுள்ள வால்வைத் திறந்து, உப்புத் தண்ணீரை அப்படியே மேல்தொட்டிக்கு ஏற்றலாம். மற்ற நாட்களில் அது மூடியே இருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம், மோட்டார் அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, காயில்காரர் உள்ளே போய் அந்த வால்வைத் திறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

மூன்று மாதத்தில் குழாய்களில் வெள்ளைப் படலம் திரும்பி வந்தது. நாலைந்து காயில் போயிற்று. இவரைத்தான் கூப்பிட்டார்கள். "மெஷின் வச்சுமா இப்படி? அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டிக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். மோட்டார் அறையில் வால்வு திறந்து கிடப்பதைப் பிறகு யாரோ பார்த்துவிட, மாட்டும்போது திறந்ததை மாப்பிள்ளை மூட மறந்துவிட்டான் என்று கம்பெனிக்குப் புகார் போயிற்று; விசாரித்து முடியும்வரை வால்வை யாரும் தொடக் கூடாது என்றார்கள்.

மகள் வந்து நின்றாள். "ஞாயித்துக்கிழமை குடியிருப்போர் சங்கத்துல கூட்டம். அவர் மேலதான் தப்புன்னு முடிவாச்சுன்னா வேலை போயிடும்ப்பா. அன்னிக்கே மூடிட்டேன்னு சத்தியம் பண்றாரு."

"மறதி எல்லாருக்கும் வர்றதுதானேம்மா."

"நீங்களும் வாங்க. அங்க எல்லாருக்கும் உங்களைத் தெரியும்."

மாப்பிள்ளை கூனிக் குறுகுவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. போனார்.

கூட்டத்தில் செயலாளர் மாப்பிள்ளையை நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்தார். காயில்காரர் கடைசி வரிசையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது மகள் எழுந்தாள்.

"ஐயா, அந்த வால்வை நானும் போய்ப் பார்த்தேன். இவர் திறந்திருந்தா முழுசாத் திறந்திருப்பார். இது முழுசாத் திறக்கல, கொஞ்சம் பாக்கி நிக்குது. தொழில் தெரியாத அரைகுறை எவனோ திறந்தது."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அரைகுறையா? இருபத்தேழு வருஷத் தொழிலில் ஒருத்தர் வாயிலிருந்தும் அவர் கேட்காத வார்த்தை. எழுந்தே விட்டார்.

"யாரு அரைகுறை? உப்புத் தண்ணி ஓடுற வால்வைக் கடைசி வரைக்கும் திருகி விட்டா சுண்ணாம்பு பிடிச்சு இறுகிப் போயிடும். அப்புறம் யானையே வந்தாலும் அசையாது. முழுசாத் திறந்து, கால் சுத்து திருப்பி விடணும். இந்த ஊர்ல என்னைத் தவிர எவனுக்குத் தெரியும் அது? உன் புருஷனுக்குத் தெரியுமா?"

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் மகள். "நம்ம வீட்டு வால்வு எல்லாமே அப்படித்தானே இருக்கு. அரைகுறைன்னு சொன்னா நீங்க பொறுக்க மாட்டீங்கன்னுதான் சொன்னேன்."

செயலாளர் அவரிடம் ஏதோ கேட்டார். எதுவும் காதில் ஏறவில்லை. மகள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, புருஷனைப் பார்த்து, "வாங்க, போகலாம்" என்றாள். அப்பாவைக் கூப்பிடவில்லை.