சொல்லிப்போட்டுப் போன ஜெயந்தி அக்கா

ஜெயந்தி அக்கா காலமான செய்தி ஒரு பட்டியலின்படிதான் என்னிடம் வந்தது. உணவகச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் மகள் நிலா தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, விடிய அம்மா போயிட்டா. ஆருக்கெல்லாம் சொல்லவேணும் எண்டு அவவே எழுதி வைச்சவ. நீங்கள் ஏழாவது ஆள்."

அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. சாகும்போதும் ஒழுங்கு தவறாத மனிசி. கண்ணைத் துடைத்ததற்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

பூம்ப்ளிஸ் என்ற எங்கள் நகரப் பகுதியில் இருக்கும் தமிழருக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்பில் பிறந்தவர். இங்கே முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தார். நம்முடைய விழா மண்டபங்களில் பெயர்ப் பட்டியல் செருகிய அட்டையும் பேனையுமாக வாசலில் நிற்பாரே, அவர்தான்.

அந்த அட்டை அவர் கைக்கு வந்த கதையில் குற்றவாளி நான். ஊரில் சண்டை முடிந்த அடுத்த மாரியில், ஒரு பொங்கல் விழாவில் வடைச் சட்டி என் பொறுப்பில் இருந்தது. எண்ணெய் பற்றிக்கொண்டது. புகை மண்டபம் முழுக்கப் பரவ முன்னமே எல்லோரும் வெளியே ஓடிவிட்டோம். ஓடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. வெளியே பனி. நடனத்துக்கு உடுத்திய மெல்லிய பட்டோடு ஒரு ஐந்து வயதுப் பிள்ளை நடுங்கிக்கொண்டு நின்றாள். யாருடைய பிள்ளையாக இருந்தால் என்ன? என்னுடைய இரண்டு பிள்ளைகளோடு அவளையும் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேநீர் கொடுத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. கைத்தொலைபேசி மண்டபத்தில் தொங்கிய என் மேலங்கிக்குள் கிடந்தது.

அங்கே பிள்ளையைக் காணவில்லையென்று தாய் கத்தியிருக்கிறார். ஊர்ஸ் என்ற தீயணைப்பு வீரர் இரண்டாம் தரமும் உள்ளே போனார். கூரைப் பலகை விழுந்து அவருடைய தோள் முறிந்தது. அந்த நேரம் பிள்ளை என் வீட்டுக் கதிரையில் இருந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டு விசாரித்து, கடைசியில் என் வீட்டுக்கு அழைத்துப் பிள்ளையைக் கண்டுபிடித்தவர் அக்காதான்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். தாய் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அக்கா மட்டும் இரண்டு நாள் கழித்து வந்து, "வெளிக்கிடு, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

"நான் என்ன பிழை செய்தனான், அக்கா? பிள்ளை விறைச்சுப்போய் நிண்டது."

"நீ நல்லதுதான் செய்தனீ, மனே. ஆனா அந்த மனிசன் உள்ளுக்க போனதும் உன்னாலதான். ரெண்டும் உண்மை."

கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்த ஊர்ஸிடம் என் அரைகுறை ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அடுத்த முறை சொல்லிவிட்டுப் போ" என்றார், அவ்வளவுதான். அக்கா பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்த "சொல்லிப்போட்டுப் போங்கோ" அங்கே பிறந்ததுதான்.

திரும்பி வரும்போது டிராமில் அக்கா யன்னலைப் பார்த்தபடி கதைத்தார். "என்ட தம்பி ரவியையும் இடம்பெயரக்குள்ள ஆரோ ஒரு ட்ராக்டரில ஏத்தினவை. நல்ல மனிசராத்தான் இருக்கும். ஆரெண்டு தெரியா, எங்க கொண்டுபோனவை எண்டும் தெரியா. அந்த மனிசருக்கு நான் நன்றி சொல்லுறதோ, திட்டுறதோ?" அதற்குப் பிறகு ரவியைப் பற்றி அவர் என்னிடம் கதைத்ததேயில்லை.

சில வருடங்களில் நகரம் அவசர நேரத்துக்கென்று ஒரே முறையைக் கொண்டுவந்தது. தீயணைப்பு, பொலிஸ், அம்புலன்ஸ், பள்ளிக்கூடம், சங்கம் எல்லாவற்றுக்கும் அதே முறை: பொறுப்புக்கு ஒருவர், ஒன்றுகூட ஓரிடம், கையில் ஒரு பட்டியல். தோள் பழையபடி வராததால் ஊர்ஸ் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறியிருந்தார். நம் சங்கத்துக்கும் அவரே வந்தார். "ஷெல்லடிக்குள்ளால வந்தனாங்கள். எங்களுக்கு இவை ஓடப் பழக்கினமோ?" என்று பின்வரிசையில் நக்கல் அடித்தார்கள். அக்கா எழும்பினார். "ஓடத் தெரியும். ஓடி முடிஞ்ச பிறகு ஆள் எண்ணத் தெரியா. அதைப் பழகத்தான் கூப்பிட்டிருக்கு." அன்றைக்கே நம் சங்கத்தின் பட்டியலும் அட்டையும் அக்காவின் பொறுப்புக்கு வந்தன.

முதல் ஒத்திகை கூத்தாக முடிந்தது. ஊர்ஸ் படிவத்தில் இருந்த கனகசபாபதி என்ற பெயரை மூன்று தரம் வாசித்தார். ஒருவரும் அசையவில்லை. ஊர்ஸின் முகம் வெளுத்தது. அக்கா எட்டிப் பார்த்து, "குட்டியண்ணை!" என்று கூப்பிட்டார். "ஓம், இஞ்சதானே நிக்கிறன்" என்று ஊர்ஸுக்குப் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. அக்கா பேனையால் படிவத்தில் ஒரு கோடு இழுத்து, வீட்டில் கூப்பிடும் பெயருக்கென்று இன்னொரு நிரல் போட்டார். எல்லா இடத்திலும் ஒரே படிவம் என்பதுதான் முறையே என்று ஊர்ஸ் தலையைச் சொறிந்தார். அடுத்த தடவை வந்த படிவத்தில் அந்த நிரல் அச்சாகியிருந்தது. முழு நகரத்துக்கும்! அக்கா அன்றைக்கு எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தார்.

ஒவ்வொரு பயிற்சியிலும் அக்கா அந்தப் பொங்கல் கதையைச் சொல்லுவார். "ஒராள் ஒரு பிள்ளையைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போட்டார்" என்பார். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, என் பக்கம் திரும்பிப் பார்த்ததும் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு அது யாரென்று தெரியாது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இப்படியே எத்தனையோ பயிற்சிகள் போயின. ஒருநாள் என்னால் தாங்கமுடியவில்லை. எழும்பி, "அது நான்தான்" என்றேன்.

"இரு, மனே," என்றார் அக்கா. "இப்பதான் உன்ட பேர் பதிஞ்சிருக்கு."

அன்றுதான் என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. என்னைக் காட்டிக்கொடுக்காமலும், தப்பவிடாமலும் அத்தனை வருடம் காத்திருந்த அந்தப் பொறுமைக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

இறுதிக் கிரியைக்கு ஊர்ஸ் வந்திருந்தார். போகும்போது அக்காவின் பெட்டிக்கருகில் நின்று, தன் பெயரைச் சொல்லி, போகிறேன் என்றார். பின்னால் நின்ற எல்லோரும் அப்படியே சொன்னோம். குட்டியண்ணை தன் இரண்டு பெயரையும் சொன்னார்.

எட்டாம் நாள் நிலா என்னை உள்ளே கூப்பிட்டு அக்காவின் அட்டையைத் தந்தாள். "இது உங்களுக்குத்தான் எண்டு அம்மா சொன்னவ." அதில் செருகியிருந்தது சாவுச் செய்தி சொல்லவேண்டியவர்களின் பட்டியல். சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயருக்கும் நிலா சரி போட்டிருந்தாள். கடைசிப் பெயர் ரவி. இலக்கமும் இல்லை, விலாசமும் இல்லை.

"இவருக்கு என்ன போடுறது, மாமா?"

"ஒண்டும் போடாத, பிள்ளை. அம்மாவும் அந்தப் பேரை வெட்டேல்லத்தானே."

இப்போது மண்டப வாசலில் அட்டையோடு நிற்பது நான். "பிள்ளையைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனது நான்தான்" என்றுதான் பயிற்சியைத் தொடங்குகிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தத் துணிவு. படிவங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் அக்காவின் பட்டியல் இருக்கிறது. ரவியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி போட இன்னும் இடம் இருக்கிறது.