எழுந்தால் இருட்டு

முதல் தடவை என் கணவர் ரஃபீக் பள்ளிவாசலில் விழுந்தார். நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுதுவிட்டு எழுந்தவர், அப்படியே முன்வரிசைக்காரரின் முதுகில் சாய்ந்தாராம். அப்போது ஐம்பத்து நான்கு வயது. குரோம்பேட்டையில் எலெக்ட்ரிகல் கடை. நோன்பு வைத்த உடம்பு, அதனால்தான் என்றார்கள். நம்பினோம்.

நோன்பு முடிந்தும் விழுந்தார். கடையில் குனிந்து ஒயர் சுருளை எடுத்து நிமிர்ந்தபோது மேசை முனையில் நெற்றி கிழிந்தது. ஒரு டாக்டர் சர்க்கரை குறைகிறது என்றார். இன்னொருவர் வலிப்பு என்று மாத்திரை எழுதினார். ஒன்றரை வருடம் விழுங்கினார். தூக்கம் கூடியது, விழுவது குறையவில்லை.

தாம்பரத்தில் ஒரு நரம்பு மருத்துவர்தான் அவரைப் படுக்கவைத்து ஒருமுறை, மூன்று நிமிடம் நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார்.

"படுத்தா நூத்தி நாப்பது, நின்னா எண்பது. மூளைக்கு ரத்தம் ஏறலம்மா."

"மாத்திரையில சரியாயிடுமா டாக்டர்?"

"விழறத கொஞ்சம் குறைக்கலாம். நோய நிறுத்த மருந்து இல்ல."

ஸ்கேனுக்குப் பிறகு பெயர் சொன்னார்: மல்டிபிள் சிஸ்டம் அட்ரபி (ரத்த அழுத்தம், சிறுநீர், நடை இவற்றைக் கவனிக்கும் நரம்புகள் மெல்லச் சிதைவது).

திரும்பும் ஆட்டோவில் அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப அந்த வலிப்பு மாத்திர வேணாமில்ல?"

"கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தச் சொல்லியிருக்காருங்க."

உங்கள் வீட்டில் யாராவது இப்படி விழுந்தால், நிற்கவைத்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு அதிலேயே காரணம் தெரிந்து, தீர்வும் கிடைத்துவிடும். எங்களுக்குக் காரணம் மட்டும் கிடைத்தது.

நிற்கும்போது பிரஷர் இறங்காமலிருக்க, டாக்டர் சொன்னபடி சாப்பாட்டில் உப்பைக் கூட்டினோம். தொடைவரை இறுக்கமான காலுறை மாட்டினேன். கட்டிலின் தலைமாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். தண்ணீர் குடித்து, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகுதான் எழ வேண்டும். படுக்கையிலிருந்து வாசல்வரை வர முக்கால் மணி நேரம். ஆறு மாதம் விழவில்லை, கடைக்குக்கூடப் போனார். பிறகு குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்தது. கடையை அவர் தம்பி எடுத்துக்கொண்டார்.

"கண்ணு இருட்டும்போது பயமே இல்ல ஷமீம்," என்றார் ஒருநாள். "முழிச்சு உன் மூஞ்சியப் பாக்கறப்பதான் பயமா இருக்கு."

இப்போது உட்கார்ந்தாலே இருட்டுகிறது. குரலும் போய்க்கொண்டிருக்கிறது. அவர் இனி எழுந்து நிற்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். என் கைகளுக்குத்தான் தெரியவில்லை.

போன வாரம் காய்கறிக் கடையில் ஒரு பெண் குனிந்து வெங்காயம் பொறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துவிட்டேன்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். கையை எடுக்கச் சற்று நேரமானது.