மருதாயியைப் பிடித்த பேய்

செந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வந்தது எழுபத்தெட்டில். மதியம் சங்கு ஊதும், பிறகு வெடி வைப்பார்கள். வந்த புதிதிலேயே பறந்துவந்த கல் ஒன்று, பக்கத்து வீட்டு மருதாயியின் தம்பி ராசாங்கத்தின் மண்டையை அவள் கண்ணெதிரே பிளந்தது.

அதிலிருந்து சங்கு கேட்டால் போதும், ஓடிவந்து நாலு வயது மகள் மலர்கொடியைத் தரையில் தள்ளி மேலே கவிழ்ந்துகொள்வாள். அந்த வேகத்தில் ஒருமுறை பிள்ளையின் பல் உடைந்தது, ஒருமுறை கை. இன்னொரு தடவை நடந்தால் பிள்ளையை விக்கிரமங்கலத்தில் தன் அக்காளிடம் விட்டுவிடுவதாகப் புருஷன் செல்லதுரை சொல்லிவிட்டான்.

மனுக் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து அவள் வாசலில் மெஷினை வைத்து அதிர்வை அளந்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறதாம்.

“செவுத்த அளந்தீங்க. எனக்கு நெஞ்சு அடைக்குது, சோறு எறங்கல. அத எதுல சார் அளப்பீங்க?” என்று கேட்டாள்.

அது தங்கள் வேலையில்லை என்று ஜீப் ஏறினார்கள்.

செல்லதுரை வேறு கணக்குப் போட்டான். மண்ணில் கோளாறு இல்லையென்று மெஷினே சொல்லிவிட்டது, அப்படியானால் கோளாறு இவளிடம். பேயோட்டும் பழனிவேலிடம் இழுத்துப் போனான்.

நீ யார், பேரைச் சொல் என்று பழனிவேல் சாட்டையால் விளாசினான். “மருதாயிங்க” என்றாள். பேய் அடம்பிடிக்கிறது என்று இன்னும் அடித்தான். முதுகுத் தோல் கிழிந்த பிறகு தம்பி பெயரைச் சொன்னாள். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். அவள் முடிக்கற்றையை ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அறைந்து அறுத்தார்கள்.

மறுநாள் சங்கு ஊதியது. செல்லதுரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அசைந்தால் பிள்ளையை அக்காளிடம் விட்டுவிடுவான். மருதாயி ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கடித்த உதட்டில் ரத்தம் வழிந்தது. அம்மா வரவில்லை என்று கண்ட மலர்கொடி தானே குப்புற விழுந்தாள். பாவாடை நனைய நடுங்கினாள்.

வெடித்து அடங்கியதும் செல்லதுரை, “பேயி புள்ளைக்குத் தாவிடுச்சு. கெளம்பு பழனிவேலுகிட்ட” என்று மகளைத் தூக்கப் போனான்.

உலக்கையால் ஒரே அடி. முழங்கை முறிந்த சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அவன் விழுந்து கத்தக் கத்த, மருதாயி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்.

“சங்கு ஊதாத ஊருக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க” என்றாளாம்.