அண்ணனுக்குக் கொண்டுபோன கோழித்துண்டுகள்

என் அண்ணனின் வலது பாதம் போனதற்கு நான்தான் காரணம். சர்க்கரை நோய்க்காரருக்குத் தெரிந்தே சர்க்கரை கொடுத்தேன்.

கும்மிடிப்பூண்டியில், கோழிக்கறியைச் சீவி ஊறவைத்து உலர்த்திப் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஊறவைக்கும் அறைதான் என் இடம். மிளகாய், பூண்டு, உப்பு... பிறகு, துண்டுகள் விறைத்துப் போகாமலிருக்க மூட்டை மூட்டையாகச் சர்க்கரை. அதைக் கொட்டுவது என் கைதான்.

கிறிஸ்தவர் ஒருவரை நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அண்ணன் என்னிடம் பேசவில்லை. மணவாள நகரில் அவர் வீட்டு வாசலை நான் மிதித்ததும் இல்லை. அண்ணிதான் ஒருநாள் போனில் அழுதார். சர்க்கரை நோய்க்காக அண்ணன் கீட்டோ என்ற மாவுப்பண்டமில்லாத சாப்பாட்டு முறையில் இறங்கிவிட்டாராம். சோறு, இட்லி எல்லாம் விட்டாயிற்று, இனி எதற்கு மாத்திரை என்று அதையும் நிறுத்திவிட்டாராம். முட்டையும் பனீருமாகத் தின்று சலித்து, எல்லாரிடமும் எரிந்து விழுகிறாராம்.

எங்கள் கம்பெனிப் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் மலர்ந்தது.

"இத்தினி வருசம் எங்கம்மா இருந்தே?" என்றார். "கறி தானே, கீட்டோல துன்னலாம் இல்ல?"

பதில் எனக்குத் தெரியும். வெறும் கறியைத் தின்னலாம், இதைத் தின்னக்கூடாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு எதைச் சாக்கிட்டு அந்த வீட்டுக்குள் நுழைவேன்?

"துன்னலாம்ணா," என்றேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்...? வேண்டாம், சொல்லாதீர்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம் பொடி ஆங்கில எழுத்தில் சர்க்கரை என்று போட்டுத்தான் இருந்தது. அண்ணன் அதைத் திருப்பியும் பார்க்கவில்லை. தங்கச்சி சொன்னது அவருக்குப் போதுமாயிருந்தது.

வாராவாரம் போனேன். சோதிக்கும்போதெல்லாம் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. தயிரால்தான் என்று தயிரை நிறுத்தினார். வெங்காயத்தை நிறுத்தினார். வேர்க்கடலையையும் நிறுத்தினார். நான் கொண்டுபோனதை மட்டும் அவர் சந்தேகிக்கவேயில்லை. மாத்திரையாவது போடுங்கள் என்று சொன்னேனா? சொன்னேன், முனகலாக. உரக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாரே!

பிறகு பாதத்தில் ஒரு கொப்புளம். ஷூ கடித்தது என்றார். அது ஆறவேயில்லை... பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில், அண்ணியை டீ வாங்க அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னாண்ட மட்டும் சொல்றேம்மா. ஃபிரெண்டு ஊட்டுக் கல்யாணத்துல யாருக்கும் தெரியாம ரெண்டு ஜாங்கிரி துன்னுட்டேன். அதான் காலே பூடுச்சி. நீ எனக்கோசரம் வாராவாரம் தூக்கிக்கினு வந்தே, நான் இப்படிப் பண்ணிட்டேன்... மன்னிச்சுடும்மா."

நான் என்ன செய்தேன் தெரியுமா?

"பரவால்லண்ணா, வுடு," என்றேன். அவரை மன்னித்தேன்!

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன், வெறுங்கையோடு. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் அந்த ரெண்டு ஜாங்கிரியைப் பற்றிச் சொல்லித் தலை குனிகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.